பன்னிரண்டு மணிக் கெடு

பராகுவே தலைநகர் அசுன்சியோனின் அந்தச் சிறுநீரக ஆஸ்பத்திரியில், காத்திருந்த நோயாளிகளைவிட தெர்லிஸின் முகம்தான் அதிகம் வெளிறிப்போயிருந்தது.

"மறுபடியும் பாஸ்வேர்ட் கேக்குது தம்பி! இப்பத்தானே போட்டேன்?" வரவேற்பு மேஜையிலிருந்து நிமியா கூவினாள்.

தெர்லிஸுக்கு அழுகையே வந்துவிட்டது. இணையத்தில் தகவல் கேட்டு வாங்கித் தரும் நிரல் தொகுப்பு ஒன்றை ஏழு வருஷம் எழுதி, ஊர் உலகத்துக்கெல்லாம் இலவசமாகக் கொடுத்தவன் அவன். பாஸ்வேர்ட் போட்டால் சர்வர், உலக நேரத்தைக் குறித்து, ஒரு மணி நேர அனுமதிச் சீட்டு தருகிறது; கணினி, தான் காட்டும் ஊர் நேரத்திலிருந்து உலக நேரத்தைக் கணக்கிட்டு, சீட்டு இன்னும் செல்லுமா என்று பார்க்கிறது. அந்தத் தொகுப்பை வைத்து ஓடும் இந்த ஆஸ்பத்திரிக் கணினியில் மட்டும் சீட்டு கைக்கு வந்த நொடியே காலாவதி!

"கோளாறு உன் நிரலில்தான். பன்னிரண்டு மணிக்குள் வேறு காரணம் காட்டு; இல்லாவிட்டால் தொகுப்பை என்னிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கு." பிரேசிலிலிருக்கும் கூட்டாளி வால்மோர், இணையத்தில் எல்லோரும் பார்க்க எழுதியிருந்தான்.

தெர்லிஸ் சோதிக்காதது எதுவும் பாக்கியில்லை. வயரை மாற்றினான். நிரலை வரிவரியாகப் படித்தான். கணினி காட்டிய ஊர் நேரத்தைக்கூடத் தன் கைபேசியோடு ஒப்பிட்டான்; இரண்டிலும் பதினொன்று நாற்பது.

"எப்பவுமே இப்படித்தானா அக்கா?"

"காலைல பெட்டியப் போட்டதும் அஞ்சு நிமிஷம் தங்கமா ஓடும். நான் எல்லாத்தையும் ஒழுங்கு பண்ணிட்டு உக்காந்தேனோ இல்லையோ, ஆரம்பிச்சுடும். என் ராசி அப்படி!" சிரித்தபடி, ஐஸ் போட்ட மூலிகைத் தேநீரான தெரெரேக் குவளையை நீட்டினாள். "குடி. மூஞ்சியப் பாக்க சகிக்கல."

உறிஞ்சுகுழலை வாயில் வைத்தான். ஒரு மிடறு உறிஞ்சிவிட்டுக் குவளையைத் திருப்பிக் கொடுத்தான். எத்தனை ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்ற தொகுப்பு! இனி செய்ய ஒன்றுமில்லை.

பன்னிரண்டுக்கு ஒரு நிமிஷம். 'தவறு என்னுடையதே. தொகுப்பு இனி வால்மோருடையது' என்று தட்டி, பொத்தானை அழுத்தினான். உரிமை கைமாறியது.

"முடிஞ்சுதக்கா. கிளம்பறேன்."

"மணி பன்னிரண்டா?" நிமியா திரையின் கடிகாரத்தைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினாள். "குளிர்காலத்துக்குக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னாடி மாத்துற வழக்கத்த சர்க்கார் நிறுத்திடுச்சு. இந்தப் பாடாவதிப் பெட்டிக்கு அது இன்னும் தெரியல. தினம் ஒரு மணி நேரம் பின்தங்கியே முழிக்குது."

தெர்லிஸ் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"நீ கவலைப்படாத தம்பி, தினம் காலைல நான்தான் கையால ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளி வைக்கிறேனே!"