சட்டித் தலையனின் கடைசி வசனம்

"நீங்க இந்தத் தொடரைப் பார்த்ததே இல்லைம்மா. சும்மா கதை விடாதீங்க!"

ரசிகர் மன்றச் செயலாளர் வாசலை மறித்துக்கொண்டு நின்றார். நூலகத்தின் மாடி அறையில் அறுபது நாற்காலிகள்தான். படிக்கட்டு முழுக்கக் கூட்டம். 'செம்புழுதிக் கிரகம்' தொடரின் கடைசிப் பகுதி, தொலைந்தே போனதாக நினைத்த டேப்பில் கிடைத்திருந்தது. எல்லோரும் சிறுவயதில் பார்த்தது. அதற்குப் பிறகு இன்றுதான் திரையிடுகிறார்கள். அதனால் புது ஆட்களைக் கேள்வி கேட்டுத்தான் உள்ளே விட்டார்.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற அந்தப் பெண், வேலை முடிந்து அதே மஞ்சள் கோட்டோடு வந்திருந்தாள். நகர்வதாக இல்லை.

"ஒரு வாரம்கூட விடாம பார்த்திருக்கேன் சார். கேப்டனோட இடது பூட்ஸ்ல கயிறு கிடையாது. கதவைச் சாத்தினா விண்கலத்துச் சுவரே ஆடும். போதுமா?"

"அதெல்லாம் சரி. ரோபோ பேரு என்ன?"

"சட்டித் தலையன்."

வரிசையில் சிரிப்பு வெடித்தது.

"டிக்டிக்! நடந்தா டிக்டிக்னு சத்தம் வரும், அதான் பேரு. சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். சரி, டைட்டில் பாட்டாவது சொல்லுங்க."

"எனக்குப் பாட்டு வராது."

"பாட வேண்டாம். வார்த்தையைச் சொல்லுங்க."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"கடைசியில என்ன நடக்கும்? அதையாவது சொல்லுங்க."

"சட்டித் தலையன் கேப்டனை ஊருக்குப் போகச் சொல்லும். அவர் மாட்டேன்னு அழுவார்."

"அழுவாரா? எங்க கேப்டனா?" செயலாளர் தன் பனியனைச் சுட்டிக் காட்டினார். தொப்பைமேல் இழுத்துப் பிடித்திருந்த அதில் 'இரும்பு இரும்புதான்' என்று எழுதியிருந்தது. "இதுதாம்மா கடைசி வசனம். ரிப்பேரான ரோபோவைத் தூக்கிப் போட்டுட்டுத் திரும்பிப் பார்க்காம போவார். அது கையைத் தூக்கிக் கெஞ்சும்."

"கெஞ்சலை. அவரைப் பிடிச்சுத் தள்ளும். தூக்கிப் போடறவர் கண்ணு ஏன் சார் கலங்கணும்?"

"செட்டுல தூசி!"

"தூசிக்குக் கலங்கற கண்ணு வேற. எனக்குத் தெரியும்."

"என்கிட்டயேவா? வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனா கதவு, சன்னல் எல்லாத்தையும் சாத்திட்டு டி.வி. முன்னால உட்கார்ந்தவன் நான். எங்க தெருவுக்கே ஒரே டி.வி. எங்க வீட்ல இருந்ததுதான்."

அவள் அவருடைய காதுகளையே பார்த்தாள். பார்க்கவேண்டிய காதுகள்தாம். மன்றத்தில் அவருக்கு 'முறம்' என்று பட்டப்பெயர்.

"கிளம்புங்கம்மா. உண்மையான ரசிகருங்க காத்திருக்காங்க."

"போக மாட்டேன். நாற்காலி வேண்டாம், நிக்கறேன். உண்மையான ரசிகர்னு உங்க வாயாலயே சொல்ல வைக்கறேன்."

"விடுங்க சார்," என்றார் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த டீச்சர். "சுவரோரமா நின்னுட்டுப் போகட்டும். யார் குடி முழுகிடும்?"

விளக்குகள் அணைந்தன. அட்டை விண்கலமும் தகர ரோபோவும் திரையில் வந்ததும் நரைத்த தலைகளெல்லாம் கைதட்டின. கடைசிக் காட்சி. பனியன் வசனத்தைச் சேர்ந்து கத்தக் கூட்டமே மூச்சை இழுத்துக்கொண்டது. கேப்டன் வாயைத் திறந்தார்.

'பட்' என்று ஒரு சத்தம். ஸ்பீக்கர் செத்துவிட்டது.

"சவுண்டு! சவுண்டு!"

"காசைத் திருப்பிக் குடுய்யா, முறம்!"

செயலாளர் மேசைக்கடியில் மண்டியிட்டு ஒயர்களைத் துழாவினார். திரையில் கேப்டன் ஊமையாகப் பேசிக்கொண்டே போனார்.

அப்போது சுவரோரத்திலிருந்து ஒரு குரல் எழுந்தது. கரகரப்பான, கேப்டனின் குரல்.

"உன்னை விட்டுட்டு எங்கடா போவேன்? நானும் இங்கேயே இருக்கேன்."

உடனே, ஏற்ற இறக்கமே இல்லாமல், தகரக் குரல். "எனக்குப் பசிக்காது கேப்டன். குளிராது. உங்களுக்கு ரெண்டும் உண்டு."

யாரோ சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினார்கள். உதடு மூடும்போது வார்த்தை முடிந்தது. தலை திரும்பும்போது குரலும் தழுதழுத்தது. தைத்து வைத்த சட்டைபோல வசனம் அந்தக் காட்சிக்குப் பொருந்தியது.

ரோபோ கையைத் தூக்கியது. கேப்டனின் மார்பில் வைத்தது. தள்ளியது.

"ஏணியில ஏறுங்க. திரும்பிப் பார்க்காதீங்க. பார்த்தா எனக்குத் துரு பிடிச்சிடும்."

கேப்டன் ஏணியில் ஏறினார். திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அவர் தோள் குலுங்குவதை அறுபது பேரும் இன்றைக்குத்தான் பார்த்தார்கள்.

கழன்ற ஒயர் எப்போதோ செயலாளர் கைக்குக் கிடைத்துவிட்டது. அவர் அதை மாட்டவில்லை. கையில் பிடித்தபடியே மண்டியிட்டு, வாயைப் பிளந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விளக்கு எரிந்தது. டீச்சர் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

செயலாளர் தட்டுத்தடுமாறி எழுந்து அவளிடம் வந்தார். குரல் இறங்கியிருந்தது. "ஒத்துக்கறேன்மா. நீங்கதான் உண்மையான ரசிகை. ஆனா பேரு தெரியலை, பாட்டு தெரியலை, வசனம் ஒண்ணுகூடத் தெரியலை... நிஜத்தைச் சொல்லுங்க, நீங்க இதை எங்கதான் பார்த்தீங்க?"

அவள் மஞ்சள் கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னாள்:

"உங்க வீட்டுச் சன்னலுக்கு வெளியே நின்னு சார். பாதிப் படத்தை உங்க காது மறைச்சிடும். சத்தம் வெளியே வருதுன்னு கண்ணாடிக் கதவையும் நீங்களே எந்திரிச்சு வந்து சாத்திட்டுப் போயிடுவீங்க. அதனால வசனத்தை நானே போட்டுக்கிட்டேன்."