சுமையோடு இறங்க முடியாது

விமானம் திரும்பி வரும் சத்தம் கேட்டதும் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓடிவந்தேன்.

கப்பல் தளத்தில் எல்லோரும் வானத்தைப் பார்த்தார்கள். நான் இறக்கைகளை மட்டும் பார்த்தேன். காலையில் பக்கத்துக்கு ஒன்றாய் நானே மாட்டி அனுப்பிய இரண்டு குண்டுகளும் இல்லை.

இல்லாததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. இந்த ரகப் போர் விமானம் கொஞ்ச தூரம்தான் ஓடும். மேல்நோக்கி வளைந்த தள நுனியிலிருந்து அத்தனை கனத்தையும் தூக்கிக்கொண்டு எழும்பிவிடும். இறங்கும்போதுதான் வம்பு. ஓடி இறங்கக் கப்பலில் இடம் ஏது? அந்தரத்தில் அப்படியே நின்று, நேர் கீழாக இறங்க வேண்டும். குண்டோடு நிற்கப் பார்த்தால் கல் மாதிரி விழும்.

அதனால் குண்டைக் கழிக்காமல் யாரும் திரும்ப முடியாது. இலக்கில் போடலாம். இலக்கு மேகத்தில் மறைந்திருந்தால் வரும் வழியில் கடலில் போட்டுவிடலாம்.

இன்றைய இலக்கு ஒரு பாலம். அந்தப் பாலத்தை ஒட்டிய தெருவில்தான் என் அக்கா குடியிருக்கிறாள்.

அவளை எல்லைக்கு அந்தப் பக்கம் கட்டிக்கொடுத்தபோது இரண்டு நாட்டுக்கும் சண்டை கிடையாது. கல்யாண வண்டியை நிறுத்திய எல்லைக் காவலர்கள் இனிப்பு கேட்டு வாங்கித் தின்றார்கள். இப்போது போன்கூடப் போவதில்லை.

கப்பலில் பெயின்ட் அடிக்கிறேன் என்று அக்காவிடம் புளுகி வைத்திருந்தேன். கடைசியாகப் பேசிய அன்றைக்கும் அவள் கிண்டலை விடவில்லை.

"பெயின்ட் அடிக்கிறவனுக்கு எதுக்குடா இப்படித் தொண்டை கம்முது? வேளாவேளைக்குச் சாப்பிடு."

இன்று காலையில் குண்டில் கம்பி கட்டும்போது, கட்டியதையே அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினேன். விமானி அதைப் பார்த்துவிட்டார். என்னைவிட வயதில் சின்னவர், யாரையும் அதட்டத் தெரியாத மனுஷன். என்ன ஏது என்று கேட்டார். சொல்லிவிட்டேன். என் தோளைத் தட்டிவிட்டு ஏறிக்கொண்டார்.

அவர் போனதிலிருந்து மேகத்துக்காகத்தான் வேண்டிக்கொண்டிருந்தேன். மழைக்கு வேண்டுகிறவனைப் பார்த்திருப்பீர்கள். மறைக்கிற மேகத்துக்கு வேண்டிய கிறுக்கன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அந்தக் கம்பிதான் எனக்குச் செய்தி சொல்ல வேண்டும். ஒரு முனை குண்டின் மூக்கில் இருக்கும் பூட்டில். மறுமுனை இறக்கைக்கு அடியில் ஒரு கொக்கியில். வெடிக்கட்டும் என்று போட்டால் கொக்கி கம்பியைப் பிடித்துக்கொள்ளும். பூட்டு திறந்து, குண்டு விழித்துக்கொண்டு போகும். சும்மா கழிப்பதற்குப் போட்டால் கொக்கி பிடியை விட்டுவிடும். கம்பியும் கூடவே போய், குண்டு தூங்கியபடியே கடலில் முழுகிவிடும்.

கம்பி தொங்கினால் பாலம். இல்லையென்றால் கடல்.

கம்பி முனையை எல்லோரும் ஒரே பக்கமாக முறுக்குவார்கள். நான் கடைசி முறுக்கை மட்டும் எதிர்ப்பக்கம் திருப்புவேன். அப்போதுதான் எனக்குத் திருப்தி. மேலதிகாரி இதற்காக என்னைத் திட்டாத நாளில்லை.

விமானம் தலைக்கு மேலே வந்து நின்றது. காது அடைத்துக்கொண்டது. சைகை காட்டி விமானத்தை இறக்குகிறவரைக் கைகாட்டி என்றுதான் கூப்பிடுவோம். அவர் இரண்டு கைகளையும் மெல்ல மெல்லத் தாழ்த்தினார். தூங்கும் பிள்ளையைத் தொட்டிலில் கிடத்துவது மாதிரி அது இறங்கியது.

என்ஜின் அணைந்தாலும் உடனே கிட்டே போகக் கூடாது. நேர் கீழாக அடித்த அனலில் தளம் பழுக்கக் காய்ந்திருக்கும். தண்ணீர் பீய்ச்சி ஆறவைக்கும்வரை நாங்கள் கோட்டுக்கு இந்தப் பக்கம். விமானிகளும் அதுவரை உள்ளேயே உட்கார்ந்திருப்பார்கள்.

இவர் உட்காரவில்லை. குதித்துவிட்டார்.

"சார், கால் வெந்துடும் சார்!" என்று கைகாட்டி கத்தினார்.

விமானி காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு இறக்கைக்கு அடியில் முதுகைக் காட்டிக் குனிந்தார். பிறகு அடுத்த இறக்கைக்கு அடியில். அடக்க முடியாத அவசரம் போல என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நேரே என்னிடம் வந்தார்.

"ஒரே மேகம். ஒண்ணும் தெரியல. கடல்லதான் போட்டேன். நீங்க நிம்மதியா இருங்க."

என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். பாவம், களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

தளம் ஆறியதும் ஓடினேன். இடது கொக்கி காலி. வலது கொக்கியும் காலி. கம்பியின் துணுக்குக்கூட இல்லை. இறக்கைக்கு அடியிலேயே உட்கார்ந்து, வெட்கமில்லாமல் அழுதேன். அக்கா, உனக்கு ஆயுசு கெட்டி என்று வாய்விட்டே சொன்னேன்.

அவருக்கு நன்றி சொல்லத் தோன்றியது. படிக்கட்டு வாசலில் ஓடிப்போய்ப் பிடித்தேன். கும்பிட்ட என் கையைப் பிடித்து இறக்கிவிட்டார். திரும்பி, விறுவிறுவென்று படி இறங்கினார்.

அவருடைய தொடைப் பையின் ஓரத்தில் இரண்டு மெல்லிய கம்பிகள் துருத்திக்கொண்டிருந்தன. இரண்டிலும் கடைசி முறுக்கு எதிர்ப்பக்கம் திரும்பியிருந்தது.

கைகாட்டி பின்னால் வந்து நின்றார்.

"என்னப்பா சொல்லிட்டுப் போறாரு?"

"மேகமாம்," என்றேன்.