தெரு முழுக்கத் தெரிந்த ரிசல்ட்

"ஷம்னா பரீட்சையில தோத்துட்டா. உங்களுக்குத் தெரியாதா?"

வாசலில் மாமியார் சுல்ஃபத்தின் குரல். காலையிலிருந்து அவள் இதைச் சொல்லும் மூன்றாவது ஆள்.

உள்ளே சி.ஏ. புத்தகத்தின் மேல் குனிந்திருந்த ஷம்னாவுக்குக் காது சுட்டது. மறுபடி எழுத நாற்பது நாள்தான் இருந்தது. இந்தத் தடவையும் போனால் படிப்பையே விட்டுவிடுகிறேன் என்று துபாயிலிருக்கும் கணவனிடம் சொல்லியிருந்தாள்.

"அய்யோ, கஷ்டமாப் போச்சே" என்றார் மட்டாஞ்சேரி பஜாரில் மிளகுக் கடை வைத்திருக்கும் யூசுப். "ஜி.எஸ்.டி. நோட்டீஸ் ஒண்ணு வந்திருக்கு. அதான் ஷம்னா மோளைப் பாத்து…"

"அவளையா? காஸ்டிங் பேப்பர்ல முப்பத்தொண்ணு மார்க்கு. அவ கையில கொடுத்தா ஒரு நோட்டீஸ் ரெண்டா வரும். எர்ணாகுளத்துல நல்ல ஆடிட்டராப் பாருங்க இக்கா."

யூசுப் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

ஷம்னா வெளியே வந்தாள். "மார்க்கு வரைக்கும் சொல்லணுமா மாமி?"

"கேட்டாரு, சொன்னேன்."

"எங்க கேட்டாரு? மீன் வாங்கப் போனா மீன்கார சேச்சி, 'பரவாயில்ல மோளே, அடுத்த தடவை பாஸாயிரும்'ங்கறா. பக்கத்து ஏரியா சுள்ளிக்கல் வரைக்கும் தெரிஞ்சு போச்சு."

"சுள்ளிக்கல்லுக்கும் போயிருச்சா?" மாமியின் முகத்தில் ஒரு திருப்தி.

ஷம்னாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "நான் தோத்ததுல உங்களுக்கு இவ்வளவு சந்தோஷமா?"

மாமி கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுத் திரும்பினாள்.

"போன பரீட்சைக்கு முந்தின மாசம் எத்தனை பேரு உன் மேசைக்கு முன்னால வந்து உக்காந்தாங்க?"

"இருபது பேர் இருக்கும்."

"ஒருத்தருக்கு ரிட்டர்ன், ஒருத்தருக்கு லோன் பேப்பர். நீயும் யாரையும் முடியாதுன்னு சொல்லலை. உனக்குச் சொல்லவும் வராது."

"நீங்கதானே மாமி அனுப்பினீங்க…"

"நான்தான். 'எம் மருமக ஆடிட்டருக்குப் படிக்கிறா, சும்மாவே பாத்துத் தருவா'ன்னு போற கல்யாண வீட்டுலயெல்லாம் பெருமையடிச்சது இந்த வாய்தான். இப்ப வராதீங்கன்னா உனக்குத் திமிருன்னுவாங்க. தோத்தவகிட்ட எவன் நோட்டீஸைத் தூக்கிட்டு வருவான்? நீ போய்ப் படி."