கண்ணை மூடும் அரை நிமிடம்

“இருபத்திரண்டு வருஷமா ஏமாத்திட்டேன். என்னை மன்னிச்சிடுங்க.”

கண்ணாடி முன்னால் நின்று தையல்காரர் இதை மூன்றாவது முறையாகச் சொன்னபோது, வாசலில் நின்ற மனைவிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“நமக்குக் கல்யாணமாகியே இருபதுதானே ஆகுது? யாரை ஏமாத்துனீங்க?”

“உன்னை இல்லம்மா. மாஸ்டரை!”

“அவ்வளவுதானா?” என்று அவள் நிம்மதியாக அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

மாஸ்டர் என்பவர் கையில் குச்சியோடு ஊர் இசைக்குழுவை நடத்துபவர். தபால்காரர், ரொட்டிக்கடைக்காரர், கணக்கு டீச்சர் என்று ஆளாளுக்கு வேலை முடித்துவிட்டு, சாயங்காலம் வாத்தியமும் கையுமாகக் கூட ஆரம்பித்து ஐம்பது வருடமாகிறது. சம்பளம் ஒரு பைசா கிடையாது. பெருமைக்கு மட்டும் குறைச்சலில்லை.

அந்தப் பெருமையில் முக்கால்வாசி ஒரு அரை நிமிடத்துக்குச் சொந்தம். ஆண்டுவிழாவின் கடைசி உருப்படியில் மற்ற வாத்தியங்கள் அடங்கிவிட, எட்டு வயலின்கள் மட்டும் பிய்த்து உதறும் இடம் அது. அந்த இடம் வந்ததும் குழுவில் அத்தனை பேரும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும் என்பது குழுவைத் தொடங்கியவர் காலத்து விதி.

தையல்காரருக்கு அந்த இடம் விரலில் ஏறியதே இல்லை. வில்லைத் தந்தியில் படாமல் சும்மா ஆட்டிவிட்டு, மற்ற ஏழு பேர் புண்ணியத்தில் காலத்தை ஓட்டிவந்தார்.

நாளைக்கு ஐம்பதாவது விழா. அந்த அரை நிமிடத்துக்காகவே எட்டுப் பேருக்கும் பதக்கமாம். வாங்கிக்கொள்ள மனசு இடம் கொடுக்கவில்லை. சொன்னாலோ குழுவில் இடம் போய்விடும். வயலின் இல்லாத சாயங்காலத்தை நினைத்தாலே அவருக்கு அழுகை வந்தது.

ஒத்திகை அறையில் மாஸ்டர் தனியாக இருந்தார். தையல்காரர் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தார்.

மாஸ்டர் கோபப்படவில்லை. “உக்காருங்க. காலையிலேர்ந்து நீங்க எட்டாவது ஆளு.”

“எட்டாவதா?”

“மத்த ஏழு பேரும் வந்துட்டுப் போயாச்சு. ‘மத்தவங்கல்லாம் வாசிக்கிறாங்க, நான் ஒருத்தன்தான் ஏமாத்தறேன்’னு ஆளாளுக்கு ஒரே அழுகை.”

தையல்காரருக்குத் தலை சுற்றியது. “மொத்தமே எட்டு வயலின்தானே சார்! அப்போ இத்தனை வருஷமா ஜனங்க கைதட்டினது எதுக்கு?”

மாஸ்டர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“ஜனங்களுக்கு என் முதுகு மட்டும்தானே தெரியும்? இப்ப எனக்கு முன்பல்லு ரெண்டும் ஆடுது. நாளையோட சரி, குச்சியை யார்கிட்டயாவது குடுத்தாகணும். எனக்கு முன்னாடி இருந்தவர் என்கிட்ட ஒரே ஒரு கேள்விதான் கேட்டாரு. அதைத்தான் அந்த ஏழு பேர்கிட்டயும் கேட்டேன், ஒருத்தரும் தேறலை. நீங்கதான் கடைசி நம்பிக்கை.”

“கேளுங்க சார்!”

“உங்களுக்கு விசிலடிக்க வருமா?”