ஆறுமணிக்குருவி

"இன்னும் ரெண்டே நிமிஷம்மா. கட்டாயம் கூவும்," என்றார் சுப்பராமன். மாலை மணி ஐந்து ஐம்பத்தெட்டு.

கணக்கெடுக்க வந்த அதிகாரி பிருந்தா, புளியமரத்தடியில் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். வாடிப்பட்டிப் பக்கம் கண்மாய்க்கரைத் தோப்பு அது. புறவழிச் சாலைக்காக நாளை மறுநாள் வெட்டப் போகிறார்கள். வலசைக் குருவி தங்குகிற இடம் என்று அவள் எழுதிக் கொடுத்தால் சாலை கொஞ்சம் வளைந்து போகும். இல்லாவிட்டால் அத்தனை மரமும் விறகுதான்.

"கண்ணால பாத்திருக்கீங்களா சார்?"

"ஆறுமணிக்குருவி லேசுல கண்ணுல படாதும்மா, புதருக்குள்ளயே கிடக்கும். வடக்கே திரும்பிப் போற வழியில, பங்குனி பிறந்தா இங்க இறங்கிடும். அஞ்சு வருஷமா காதால கேட்டு எழுதி வச்சிருக்கேன்."

பசுமலையிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிற கணக்கு வாத்தியார் அவர். மனைவி போனபிறகு அவருக்கு மிச்சமிருந்த ஒரே சந்தோஷம் அந்தக் கூவல். முதல் வருஷம் ஆறு நாள் காத்திருந்து முகம் வாடித் திரும்பினார். "நாளைக்கு வாங்க சார், கண்டிப்பா வரும்," என்றார் தோப்புக் காவலர் மொக்கைச்சாமி. சொன்ன மாதிரியே மறுநாள் கூவிவிட்டது.

பாவம், கேட்கக் கொடுத்து வைக்காதவர் மொக்கைச்சாமிதான். சரியாக அந்த நேரத்துக்கு ஆட்டைப் பத்திக்கொண்டு வரப் போய்விடுவார். திரும்பி வந்து, "கேட்டுச்சா சார்?" என்று சிரிப்பார். போன மாசியில் அவரும் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார்.

மணி ஆறு ஆயிற்று. ஆறேகாலும் ஆயிற்று. கொக்குகள்தான் நாலு பறந்து போயின.

ஆறரைக்குப் பிருந்தா நோட்டை மூடினாள். "மன்னிச்சுக்கங்க சார். கேக்காததை நான் எழுத முடியாது."

ஜீப் போனபிறகு சுப்பராமன் கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். மொக்கைச்சாமியின் மனைவி தங்கப்பொண்ணு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.

"இன்னும் நாளைக்கு ஒரு நாள் இருக்கு தங்கப்பொண்ணு. விடியக்காலமே வரேன். கூவிடும்."

"அலையாதீக சார். இனிமே கூவாது."

"ஏம்மா அப்படிச் சொல்றே?"

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கூவுன மனுசன்தான் மாசியில போயிட்டாருல்ல."