இரண்டு படி ஒரேயடியாக

பன்னிரண்டு மணிக்கு லட்சம் பேர் தேர்வு முடிவு பார்க்க வரப்போகும் இணையப் பக்கம், பாதிக்குக் கீழே குலைந்து கிடந்தது. காலையிலிருந்து மூன்று பேர் முட்டிமோதியும் பிழை பிடிபடவில்லை. நிரலை எழுதியவள் தாமரைச்செல்வி. ஒவ்வொரு வரியையும், அது எதற்குள் அடங்குகிறதோ அதைவிட ஒரு படி உள்ளே தள்ளித்தான் எழுதுவாள். “பிரவுசருக்கு இந்த அலங்காரமெல்லாம் தெரியவா போகுது?” என்று சகாக்கள் கேலி செய்வார்கள். அவள் அடுத்த வரியையும் தள்ளியே எழுதுவாள்.

கடைசியில், பக்கத்துப் பிரிவில் வேலை பார்க்கும், பிறவியிலேயே பார்வையில்லாத ஆரோக்கியநாதன் அந்தக் கோப்பைத் தன் கணினியில் திறந்து, இயர்போனின் ஒரு முனையை அவளிடம் நீட்டினான். திரையிலுள்ளதைப் படித்துக்காட்டும் மென்பொருள் அதில் ஓடியது. வரி உள்ளே போகப் போக அதன் ஒலி ஒவ்வொரு சுருதியாக ஏறியது; வெளியே வர வர இறங்கியது. தான் எழுதியதை அவள் முதல்முறையாகக் காதால் கேட்டாள். ஓரிடத்தில் அவன் விரல் நின்றது.

“இங்க ரெண்டு படி ஒரேயடியா இறங்குது மேடம். திறந்த டேக் ஒண்ண மூடாம விட்டிருக்காங்க.”

விடுபட்ட மூடும் குறியைச் சேர்த்தார்கள். பக்கம் நிமிர்ந்து நின்றது. மணி பதினொன்று ஐம்பது.

“யாரு எழுதினது இது?” என்று அவன் கேட்டான்.

அவளுக்குக் காது சூடேறியது. “நான்தான். சாரி, அந்த ஒரு வரிய மட்டும் கவனிக்காம…”

“தப்பக் கேக்கல மேடம். படிக்கட்டக் கேட்டேன்.”

அவன் மறுபடி முதல் வரிக்குப் போனான். இப்போது தேடுவதற்கு எதுவும் இல்லை. தன் காதிலிருந்த இயர்போன் முனையை அவள் இன்னும் கழற்றவில்லை.