மூன்றாவது கரண்டி

சைலன்சர் குழாய் சிவந்துவிட்டது.

அவர் கேஸ் பர்னரைக் குறைத்து வைத்துவிட்டு ஓரடி பின்னால் வந்தார். தகரக் கொட்டகைக்குள் இரண்டு மணி வெயில் போதாதென்று இது வேறு.

பெஞ்சின் மேல் மூன்று கண்ணாடி டம்ளர்கள். ஒன்றில் பச்சை, ஒன்றில் ரோஸ், ஒன்றில் வெளிறிய ரோஸ். பக்கத்தில் நீளக் காம்புள்ள கரண்டி. வீட்டுச் சமையலறையிலிருந்து சொல்லாமல் எடுத்து வந்தது.

பத்து நிமிட வேலை. ஒன்பது மாதத்துக்கு முன்பே செய்திருக்கலாம்.

மூன்றும் எரிய வேண்டும்.

அதுதான் வேண்டுதல். கோயிலில்கூடக் கண்ணை மூடாத மனிதர், இப்போது மூடிக்கொண்டார். மூன்றும் எரிந்தால், எதை ஊற்றியிருந்தாலும் மச்சான் செத்துத்தான் போயிருப்பார். இவர் பொறுக்கி எடுத்ததற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

முதல் கரண்டி, பச்சை. முன்பு இன்ஜினைக் குளிர வைக்க ஊற்றிய கூலன்ட், பாதித் தண்ணீர் கலந்தது.

குழாயில் பட்டதும் சொய்யென்று சத்தம். கொட்டகை முழுக்க ஆவி. குழாய் லேசாகக் கறுத்து மறுபடி சிவந்தது.

தீ வரவில்லை.

அந்தப் பச்சையைத்தான் பிஸ்டன் நக்கியது.

பிஸ்டன், கொட்டகை நாய். இவரும் மச்சான் ஞானதுரையும் சேர்ந்து கட்டிய குட்டி விமானத்தில் இருந்தது சுழல் இன்ஜின். மேலும் கீழும் குதிக்கும் பிஸ்டன் அதில் கிடையாது. முக்கோணமாக ஓர் இரும்புத் துண்டு உள்ளே சுற்றும், சூடு மட்டும் அநியாயத்துக்கு ஏறும். இன்ஜினில்தான் இல்லை, வாசலிலாவது இருக்கட்டும் என்று ஞானதுரை நாய்க்கு அந்தப் பேரை வைத்தார். சொட்டுகிற கூலன்ட் தித்திக்கும் போலிருக்கிறது. நாய் இரண்டு நாள் தள்ளாடியது. மூன்றாம் நாள் இறக்கைக்குக் கீழே விறைத்துக் கிடந்தது.

குழி தோண்டியவர் ஞானதுரை. மண்வெட்டியைக் கீழே வைக்காமலே சொன்னார்.

"மாப்ள, நாய் நக்குனாலும் பிழைக்கிற மாதிரி ஒண்ணு பாத்து ஊத்தும்."

பார்த்தார். ஒரு மாதம் பார்த்தார். விஷமில்லாத சரக்கு கிடைத்தது. அதிலேயே தண்ணீர் கலக்க வேண்டாத வகை. தண்ணீர் இருந்தால் கொதிக்கும், கொதித்தால் அழுத்தம் ஏறும், ஏறினால் ரப்பர் ஹோஸ் பிடுங்கிக்கொள்ளும். தண்ணீரே இல்லாவிட்டால் அந்தத் தொல்லையே இல்லை. மச்சான் கண்முன்னாலேயே விரலில் தொட்டு நாக்கில் வைத்துக் காட்டினார். அன்றைக்கு அவருக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமில்லை.

சூட்டுக் குழாயில் பட்டால் என்ன ஆகும் என்று மட்டும் பார்க்கவில்லை. செத்த நாயே கண்ணுக்குள் நின்றது.

இரண்டாவது கரண்டி, ரோஸ். அவர் பொறுக்கி எடுத்த, தண்ணீரே கலக்காத சரக்கு.

குப்பென்று பிடித்தது.

ஒரு முழ உயரத்துக்கு மஞ்சள் தீ. குழாயிலிருந்து வழிந்து பெஞ்சின் ஓரம் வரை வந்து அங்கேயும் எரிந்தது. ஈரச் சாக்கைப் போட்டு அமுக்கினார்.

பதினெட்டு நாளுக்கு முன் இதே தீயை, கொட்டகைக்கு வெளியே ஓடுதளத்தின் இந்தக் கோடியில் நின்று பார்த்தார். கிளிப் நழுவி, ஹோஸ் கழன்று, கூலன்ட் சூட்டுக் குழாயில் கொட்டி, மச்சான் ஓட்டி வந்த விமானம் தரையைத் தொடுவதற்குள் மூக்கு முழுக்கத் தீ. எல்லோரும் கிளிப்பைத்தான் சொன்னார்கள். தலையெழுத்து என்றார்கள். அவரும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

இன்னும் ஒரு டம்ளர் பாக்கி. அதே ரோஸ்தான். பேட்டரிக்கு ஊற்றுகிற தண்ணீரைப் பாதிக்குப் பாதி கலந்திருந்தார். இதையும் நாய் நக்கினால் பிழைக்கும். இதுவும் எரிந்தால், விஷமில்லாதது எதை ஊற்றியிருந்தாலும் எரிந்திருக்கும் என்றாவது ஆகும்.

"எரி" என்றார் வாய்விட்டு. "எரிஞ்சு தொலை."

மூன்றாவது கரண்டி.

சொய்யென்று சத்தம். ஆவி. வேறொன்றும் இல்லை.

நாலு லிட்டர் தண்ணீர். எந்தப் பெட்ரோல் பங்கிலும் கிடைக்கிற தண்ணீர். மச்சான் உயிர் அதில் இருந்திருக்கிறது. அதைத்தான் அவர் யோசித்து யோசித்து வேண்டாமென்று ஒதுக்கினார். தரையில் உட்கார்ந்தார். அழுகை வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கதவருகே ஜெயரூபி நின்றுகொண்டிருந்தாள். அவர் மனைவி. ஞானதுரைக்கு ஒரே தங்கை. காலையிலிருந்து சாப்பிடாத ஆளைத் தேடித் தூக்குச்சட்டியோடு வந்திருக்கிறாள். எப்போது வந்தாளோ தெரியவில்லை. சாக்குக்கு அடியில் இன்னும் புகைந்துகொண்டிருந்தது.

"தீயப் பாத்தேன்" என்றாள். "எத ஊத்தியிருந்தாலும் எரியத்தான செய்யும்? எல்லாமே எரியும்லா?"

அவளும் அதையேதான் வேண்டிக்கொண்டிருந்திருக்கிறாள். பதினெட்டு நாளாக.

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். சொல்லிவிட்டால் சோறு போடுவாள். முகத்தைப் பார்த்துப் பேசுவாள்.

அவர் எழுந்து மூன்றாவது டம்ளருக்குள் கரண்டியை விட்டார்.

"இது பாதித் தண்ணி கலந்தது" என்றார். "இதுலயும் விஷம் கிடையாது. இதையே ஊத்தியிருக்கலாம்."

கரண்டியைக் குழாயில் சாய்த்தார்.

ஆவி மேலே போய்க் கூரைத் தகரத்தில் முட்டி மெல்லக் கலைந்தது.

ஜெயரூபி குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தூக்குச்சட்டியைத் தரையில் வைத்தாள்.

"இன்னொரு தடவ ஊத்துங்க" என்றாள்.